நடந்து போன பிளாட்

வேட்டியில் மஞ்சள் பெயிண்ட் ஏழு இடத்தில் இருந்தது. என் மனைவி சரோஜா அதைத் துவைக்கிற கல்லில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு கறையாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எத்தினி சதுரடிங்க?” என்றாள்.

“எது?”

“பின்னாடி காலி எடத்துல நாலு கல்லு நட்டு மஞ்சள் அடிச்சிருக்கீங்களாமே. பால்காரர் சொல்லிட்டுப் போறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள். “கெழக்கு பாத்ததா, வடக்கு பாத்ததா?”

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். காலை காப்பிக்கு முன்னால் சரோஜா என்னைப் பார்த்துச் சிரித்தது அதோடு மூன்று தடவை. மற்ற இரண்டும் பிள்ளைகள் பரீட்சையில் பாஸான நாட்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

“கெழக்கு” என்றேன்.

இந்த விவகாரத்தில் நான் செய்த தப்புகள் மூன்று. இது முதலாவது.

ஒரு திருத்தம்

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோல் கம்பெனி செலக்ஷன் கூடத்தில் பதினேழு மின்விசிறிகள் என்று போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவர், பதினாறுதான் என்று கடிதம் போட்டிருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே இருந்ததை அவர் விட்டுவிட்டார். அது சுற்றாது. சுற்றாவிட்டாலும் மின்விசிறி மின்விசிறிதான்.

எண்ணுவதும் தரம் பார்ப்பதும் என் பிழைப்பு. பதப்படுத்திய ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து, பழுது பார்த்து, ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டு அடுக்குவதற்குப் பெயர்தான் செலக்ஷன். முப்பத்தெட்டு வருஷம் அதைச் செய்தேன்.

உண்ணி கடித்த இடம் புள்ளியாக இருக்கும். முள் கீறிய இடம் கோடாக இருக்கும். கொம்பு குத்தினால் குழி. தோலைப் பார்த்தே அந்த ஆடு எப்படிப்பட்ட இடத்தில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். திறந்த புல்லில் மேய்ந்ததென்றால் தோல் பளிச்சென்று இருக்கும். முள் புதரில் மேய்ந்தது பள்ளிக்கூடப் பிள்ளை கிறுக்கிய சிலேட்டு மாதிரி இருக்கும்.

ஆக, புல்வெளியை எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். ஆனால் நேரில் போய்ப் பார்த்தது ரிட்டையரான பிறகுதான். அதற்கும் சரோஜாதான் காரணம்.

“வீட்ல உக்காந்து என் கடுக எண்ணாதீங்க” என்றாள் ஒருநாள். “வெளிய போயி எதையாவது எண்ணுங்க.”

வெளியே எண்ணியவை

ஆம்பூருக்கு வெளியே உள்ள எங்கள் நகரில் மனை அறுபத்து நான்கு, வீடு நாற்பத்தொன்று. தெருவிளக்கு ஒன்பது, எரிவது நான்கு. முதல் குறுக்குத் தெருவிலிருந்து ஆறாவது வரை இருக்கிறது. ஐந்தாவது கிடையாது. ஏன் என்று சங்கத்தில் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

கடைசி வரிசையில்தான் என் வீடு. என் பின்சுவரைத் தாண்டினால் புல். எல்லோரும் அதைக் காலி இடம் என்பார்கள். ரிக்கார்டுபடி அது மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் ஆடு மாடு மேய்வதற்காக விட்டு வைத்த அரசாங்க நிலம்.

காலியா என்று பார்த்தேன். முதல் வாரக் கணக்கு இது: கவுதாரி இரண்டு ஜோடி. வானம்பாடி ஒன்பது, அதில் கண்ணால் பார்த்தது இரண்டு, மற்றவை காதால். முயல் மூன்று, அல்லது ஒரே முயல் மூன்று தடவை. அங்கே மேய்க்க வருகிற கன்னியம்மாவின் ஆடுகள் இருபத்து மூன்று.

பிறகு ஆட்காட்டிகள் இரண்டு. குச்சி மாதிரி மஞ்சள் கால், தலையில் கறுப்புத் தொப்பி, அலகுக்கு மேலே மஞ்சளாக ஒரு தோல் மடிப்பு. மனிதனைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடும். இதற்குக் கூடு கட்டத் தெரியாது. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடும்.

மரம் நட்டால் பறவை வரும் என்று எங்கள் சங்கத்தில் வருஷம் ஒரு தடவை பேசுவார்கள். இதற்கு மரம் வேண்டாம், வெட்டவெளிதான் வேண்டும். வெட்டவெளிக்கு எந்த நர்சரியிலும் நாற்று கிடைக்காது.

நான் நடக்க ஆரம்பித்த வருஷம் அந்தப் புல்வெளி, நடந்து அளந்தால், நீளவாக்கில் ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு. நான் சொல்லுகிற கோடையில் அது அறுநூற்றுப் பத்து எட்டு. என் கால் நீளவில்லை.

கிழக்கே ஒரு புது லேஅவுட் வந்திருந்தது. வண்ணக் கொடிகள் கட்டிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கிறவர்களை வேனில் கூட்டி வரப் போவதாகவும், வேன்களை நிறுத்துவதற்கு இந்தப் புல்வெளியை ஜேசிபி வைத்துச் சமன் செய்யப் போவதாகவும் டீக்கடையில் சொன்னார்கள். புல்வெளி அவர்களுடையது இல்லை. ஆனால் காலி இடம்தானே.

நாலு முட்டை

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலையில்தான் ஆட்காட்டியின் முட்டைகளைக் கண்டுபிடித்தேன்.

நான் நடந்து வருவதைப் பார்த்த ஆட்காட்டி ஒன்று எழுந்து குடுகுடுவென்று ஓடி, ஓர் இடத்தில் நின்று, இறகை உதறி, கோழி அடை உட்காருவதைப் போல அசைந்து அசைந்து உட்கார்ந்தது. நான் நெருங்கியதும் எழுந்து போய்விட்டது. அது உட்கார்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், கரும்புள்ளியோடு, நாலு.

பத்தடிக்கு மேல் நெருங்கவில்லை. தொந்தரவு செய்யக் கூடாதல்லவா. அப்போது எனக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, மறு கண்ணுக்குத் தேதி வாங்கியிருந்தேன் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

நசீர் பாயிடம் சொன்னேன். வாணியம்பாடிக்காரர். என் கம்பெனியிலேயே டிரம் ஓட்டியவர். டிரம் என்றால் தோலையும் சுண்ணாம்பையும் போட்டுச் சுற்றுகிற மரப் பீப்பாய். ரிட்டையராகி என் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டவர்.

“நாலுன்னு நீ சொன்னா நாலுதான் ஏகாம்பரம்” என்றார். “உன் கண்ணு பேர்ல எனக்கு டவுட்டே கெடையாது. இப்ப இன்னா பண்ணலாம், வேலி போடலாமா?”

வேலி நிற்காது. எங்கள் பக்கத்தில் முள்வேலியை அடுப்புக்கு இழுத்துப் போவார்கள், கம்பியை எடைக்குப் போடுவார்கள். போர்டு வைத்தால் அதில் டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆனால் பிளாட்டின் மூலைக்கல்லை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் கேஸ்.

ஐந்தாவது குறுக்குத் தெருவுக்கென்று வந்து, தெருவே வராமல் போனதால் நாலு கல் புதரில் கிடந்தது. நசீர் பாயின் மொபெட்டில் இரண்டு நடை. பதினைந்துக்குப் பதினைந்தாக அளந்து நட்டு, தலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். வேட்டி கெட்டது அப்போதுதான்.

அன்றிலிருந்து தினமும் குடையோடு போய்க் கல்லுக்கு வெளியே நின்று காவல் காத்தேன். ஆட்காட்டி வராது. முப்பது எட்டு தள்ளி வெட்டவெளியில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கும். பாவம், நான் நிற்பதால் முட்டைக்கு வர முடியவில்லை என்று நானே வருத்தப்பட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஆடு மேய்க்கிற கன்னியம்மா தூரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். என் குடையைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.

பெரிய இடம்

லேஅவுட்டின் சூப்பர்வைசர் குமரேசன். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் ஒரு அட்டை, கையில் இரண்டு போன். வியாழக்கிழமை வந்து கற்களைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

“சார், இது யாரு போட்ட கல்லு? எங்க பிளான்ல இல்லையே.”

“இந்த எடமே உங்க பிளான்ல இல்லையே” என்றேன்.

அவர் குரலை இறக்கினார். “பெரிய எடமா சார்?”

பக்கத்தில் நின்ற நசீர் பாய் முந்திக்கொண்டார். “பேரெல்லாம் கேக்காதே தம்பி. சொல்ல மாட்டோம்.”

“லோக்கலா?”

“ரொம்ப லோக்கல். நமக்கெல்லாம் முன்னாடியே வந்தவங்க.”

குமரேசன் இரண்டு எட்டு பின்வாங்கினார். அந்த நிலம் அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அதனால் இரண்டு பேருமே சத்தம் போட்டுப் பேசவில்லை. கொஞ்சம் யோசித்து அவரே ஒரு வழி சொன்னார்.

“சரி சார். அந்த நாலு கல்லுக்குள்ள நாங்க வரல. சனிக்கெழம சுத்தி மட்டும் லெவல் பண்ணிக்கறோம்.”

நான் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன். வீட்டில் சரோஜா, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிளான் வரைந்துகொண்டிருந்தாள். சமையலறை தென்கிழக்கில் வந்திருந்தது. ராணிப்பேட்டையில் இருக்கிற தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு என்ன புடவை என்று அவள் கேட்டாளாம்.

சனிக்கிழமை

பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. நான் முதல் தடவையாகக் கற்களுக்குள்ளேயே போய், முட்டைகளுக்கு முதுகைக் காட்டி, குடையை விரித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நசீர் பாய் நின்ற மேற்குப் பக்கமாக ஓட்டினான்.

ஆட்காட்டி என்னிடம் வரவில்லை. நேராக ஜேசிபிக்கு முன்னால் ஓடி, இரண்டு சிறகையும் விரித்து நின்றுகொண்டு கத்தியது. உள்ளங்கை அகலத்து உடம்பு, அதற்கு எதிரே என் வீட்டு ஹால் அளவு இரும்பு. ஜோடிப் பறவை வண்டியின் முன்கண்ணாடி மேல் வந்து வந்து பாய்ந்தது.

கன்னியம்மா கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “யோவ், நிறுத்துயா. முட்ட கீது.”

டிரைவர் நிறுத்தினான். “இன்னாம்மா, முட்ட அங்க கீதுன்னுதான பெரியவரு குட புடிச்சினு நிக்கறாரு?”

“அது கூழாங்கல்லுயா.”

நான் திரும்பிக் குனிந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். கதகதப்பாக இருந்தது, வெயிலில் கிடந்த கல் எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டாவது தப்பு. கம்பெனியில் யாருக்கும் இது தெரிய வேண்டாம் என்று அன்று நினைத்தேன். இப்போது பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

“தெரிஞ்சுமா இத்தினி நாளா சொல்லல?” என்று கன்னியம்மாவிடம் கேட்டேன்.

“எதுக்கு சார் சொல்றது? நீங்க குட எடுத்துனு வந்து நின்னா, பால்காரரு வர்றாரு, நாய் வருது, காக்கா வருது. அல்லாம் உங்க கல்ல பாத்துட்டுப் போய்டுச்சுங்க. இது இங்க நிம்மதியா அட காத்துனு இருந்துச்சு. அதுதான் உங்கள ஏமாத்தி அங்க இட்டுனு போயி வுட்டுச்சு. நான் நடுவுல பூந்து இன்னாத்த சொல்றது?”

குமரேசன் தூரத்தில் கொடிகளுக்குப் பக்கத்தில் ஒரு போனில் பேசிக்கொண்டு, மறு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தான். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

“நாலு கல்லுக்குள்ள போவாதன்னு குமரேசன் அண்ணன் சொன்னாரு” என்றான். “நான் டீ குடிச்சிட்டு வர்றேன். வரும்போது நாலு கல்லு எங்க கீதோ, அத வுட்டுட்டு ஓட்றேன்.”

முப்பத்தொரு எட்டு

பழைய இடத்திலிருந்து முட்டை இருக்கிற இடம் முப்பத்தொரு எட்டு. கன்னியம்மா ஒரு நடைக்கு ஒன்றாக, இரண்டு கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நானும் நசீர் பாயும் சேர்ந்து ஒன்றைத் தூக்கினோம். ஐந்து இடத்தில் இறக்கினோம். நாலாவதைத் தூக்கவில்லை, உருட்டினோம்.

“நாப்பது வருஷம் டிரம்முல தோல் வாரிப் போட்டிருக்கேன்” என்றார் நசீர் பாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “இந்த மாதிரி பேஜார் ஒரு நாள் பட்டதில்ல.” பிறகு பழைய இடத்துக்குப் போய்க் குனிந்து எதையோ பொறுக்கி வந்து என் கையில் வைத்தார். நாலு கூழாங்கல். “இந்தா, உன் புள்ளைங்க.”

நாலாவது கல்லை நட்டு மண்ணை மிதிக்கும்போது குமரேசன் வந்துவிட்டார்.

“சார், பிளாட் அங்கல்ல இருந்துச்சு?”

“ரீசர்வே” என்றேன்.

“நான் போன் பேசறதுக்குள்ளயா?”

“பெரிய எடம் தம்பி” என்றார் நசீர் பாய். “அவங்களுக்கு எல்லாமே ஜல்தி.”

குமரேசன் கற்களுக்கு நடுவில் பார்த்தார். ஆட்காட்டி அவருடைய ஷூவை நோக்கி நாலடி ஓடி வந்து கத்தியது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே நாலு முட்டை. இந்தத் தடவை மூன்றடி தூரத்தில் நின்று, கன்னியம்மாவைச் சாட்சி வைத்து, இரண்டு தடவை எண்ணியிருந்தேன்.

“இதுதான் பெரிய எடமா சார்?”

“ஆமா.”

“எத்தினி நாள் ஆவும்?”

“அமாவாசைக்குள்ள பொரிச்சிடும்” என்றாள் கன்னியம்மா.

டீ குடித்துவிட்டு டிரைவர் வந்தான். குமரேசன் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, “டேய், அந்தாண்ட ரோட்டோரமா போ” என்றார். “இங்க டிஸ்ப்யூட்டு.”

ஞாயிற்றுக்கிழமை ஆறு வேன் வந்தது. இறங்கியவர்களில் இரண்டு குடும்பம், மஞ்சள் கல் போட்ட மனைதான் வேண்டும் என்று கேட்டார்களாம். அது எப்போதோ புக் ஆகிவிட்டது என்று குமரேசன் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு எங்கே

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு பொரித்தது. குஞ்சு மூன்று. ஒரு முட்டை அப்படியே கிடந்தது. எண்ணிக்கை பிடிக்காவிட்டாலும் எழுதிக்கொண்டேன்.

குஞ்சுகள் அரை நாள்தான் கற்களுக்குள் இருந்தன. ஈரம் காய்ந்ததும் குச்சிக் காலை எடுத்து வைத்து, வரிசையாக நடந்து எல்லையைத் தாண்டிப் போய்விட்டன. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்துக்குப் பதினைந்து அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவற்றுக்கு முழுப் புல்வெளியும் வேண்டும்.

வேறு வழியில்லாமல் நாங்களும் கற்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம். மொத்தம் ஒன்பது தடவை பிளாட் இடம் மாறியது. தினமும் காலையில் குமரேசன் போன் செய்வார்.

“சார், இன்னிக்கு பிளாட் எங்க?”

“கொடிக்கு மேற்க நாப்பது எட்டு.”

“சரி சார். ஜல்லி லாரிய அந்தாண்ட சுத்திப் போவ சொல்றேன்.”

வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். “நம்ம பிளாட்டு நேத்து இருந்த எடத்துல இல்லன்னு பால்காரர் சொல்றாரு” என்றாள் சரோஜா. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிளான் வரைந்த காலண்டர் தாளை எடுத்து நாலாக மடித்தாள்.

“அப்ப கெழக்கு பாத்ததே இல்லியா?” என்றாள் கடைசியில்.

கோடை முடிகிற சமயம், ஒரு காலையில் எண்ணிப் பார்த்தபோது குஞ்சுக் கணக்கு பூஜ்யம். பதறிப் போய்க் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கோலால் மேலே காட்டினாள். ஐந்து பறந்துகொண்டிருந்தன. பூஜ்யம் என்று எழுதி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

மூன்றாவது

அடுத்த வருஷமும் கல்லைத் தூக்கிக்கொண்டு அலைய எங்கள் இடுப்பு தாங்காது. அதனால் நான், நசீர் பாய், கன்னியம்மா மூன்று பேரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம். மேய்க்காலை அளந்து, அரசாங்கமே எல்லைக் கல் நட வேண்டும். கையெழுத்து ஐம்பத்திரண்டு.

நாங்கள் ஐந்து நடை போன பிறகு சர்வேயர் வந்தார். முதலில் கிழக்கே அளந்தார். லேஅவுட் ரோடு பதினொரு அடி உள்ளே வந்திருந்தது. குமரேசன் கொடிகளைப் பிடுங்கிப் பின்னால் நட்டார். நான் நசீர் பாயைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

பிறகு சர்வேயர் மேற்கே திரும்பினார். எங்கள் நகரின் பின்சுவர்களை ஒட்டியே வந்தார். என் வீட்டுக்கு வந்ததும் உள்ளே வரலாமா என்று கேட்டார். சரோஜா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு அவளுடைய கருவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டார். என் சுவர் மேய்க்காலுக்குள் ஒன்றே முக்கால் அடி.

எங்கள் வரிசையில் ஒன்பது வீடு. ஒன்பதும் அப்படித்தான். அதில் ஒன்று நசீர் பாயுடையது. இன்றுவரை ஆறு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள்.

மனு கொடுத்தவன் என்பதால் என் சுவரை முதலில் இடிக்கச் சொன்னேன். அதே ஜேசிபி, அதே டிரைவர். “பயப்படாதீங்க பெரியவரே” என்றான். “கல்லுக்குள்ள போவ மாட்டேன்.”

சரோஜா கருவேப்பிலைச் செடியை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஊருல அவங்கவங்க பிளாட் வாங்கறாங்க” என்றாள். “நீங்க இருந்ததையும் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க.”

தங்கையிடம் அவள் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. போன மாதம் அந்தத் தங்கை ராணிப்பேட்டையிலிருந்து வந்து, பிளாட்டைக் காட்டு என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். சரோஜா எழுந்து போய், டிவிக்குப் பக்கத்தில் இருந்த நாலு கூழாங்கல்லை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள்.

“இதான்” என்றாள். “கெழக்கு பாத்தது.”

மனு கொடுத்த இந்த மூன்றாவதைத் தப்புக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த வாரம் அளந்து பார்த்தேன். அறுநூற்றுப் பத்தாக இருந்த புல்வெளி இப்போது நீளவாக்கில் அறுநூற்றுப் பதினைந்து எட்டு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் நடந்தேன். அறுநூற்றுப் பதினைந்துதான்.